அடுப்புக்கு முன்னால் மின்விசிறி: மதுரையில் ஒரு 12 வீட்டுக் குடியிருப்பின் கரண்ட் கணக்கு

சிலிண்டர் மாற்றிய தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வைப்பது நம் வீடுகளில் இன்றும் இருக்கிற பழக்கம். தேதிக் கட்டத்துக்குள் ‘கேஸ்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான். போனது எத்தனை நாள் வந்தது, அடுத்ததை எப்போது பதிவு செய்யலாம் என்று பார்க்க அது போதும். 2024 கோடையில் நானும் எங்கள் சங்கச் செயலாளரும் குடியிருப்பின் 12 வீட்டுக் காலண்டர்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். பால் கணக்கு, சீட்டுத் தவணை, மாத்திரை வாங்கிய நாள் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தச் சொல் இருந்தது. சில வீடுகளில் போன வருஷக் காலண்டரும் ஆணியிலேயே தொங்கியது நல்லதாகப் போயிற்று. சராசரியாக 50 நாளுக்கு ஒரு சிலிண்டர். ஆண்டுக்கு வீட்டுக்கு 7, மொத்தக் கட்டிடத்துக்கு 84.

கட்டிடத்தில் எரிவதையெல்லாம் குறைத்து, முடிந்தவரை மின்சாரத்துக்கு மாறி, அந்த மின்சாரத்தில் ஒரு பங்கை மொட்டைமாடியிலேயே எடுக்க வேண்டும் என்று நாங்கள் இறங்கிய முயற்சியின் பதிவு இது. எங்களைப் போன்ற சிறு குடியிருப்புகள் மதுரையில் நிறைய இருக்கின்றன. எங்களுக்குப் பிடிபட்டதும் தவறியதும் அவர்களுக்குப் பயன்படும் என்பதால் எண்களோடு எழுதுகிறேன்.

கட்டிடம் வைகைக்கு வடகரையில், அண்ணா நகரை ஒட்டி இருக்கிறது. கீழே வண்டி நிறுத்தம், மேலே மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு, ஒரு லிஃப்ட், ஒரு டீசல் ஜெனரேட்டர். 2006-ல் கட்டியது. சங்கத்துக்கு நான் பொருளாளர். படித்தது வணிகவியல், மின்சாரம் பற்றித் தெரிந்ததெல்லாம் இந்த இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டது.

தொடக்கம் வெயிலில்தான். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வாரம் எங்கள் மூன்றாம் மாடி வீடுகளில் ராத்திரி 11 மணிக்கும் சுவரைத் தொட்டால் சுட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால், பிப்ரவரியில், வீட்டுக் கூரையில் சோலார் போட மத்திய அரசு புதிய மானியத் திட்டத்தை அறிவித்திருந்தது. வீடுகளுக்கு முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, மொத்தம் 78,000-க்கு மேல் இல்லை. குடியிருப்போர் சங்கம் பொதுப் பயன்பாட்டுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. இந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் செயலாளர் கூட்டம் போட்டார்.

அயலூர் வழி

கூட்டத்தில் இளைஞர் ஒருவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், அமெரிக்க ஊர்களைப் பற்றிச் சொன்னார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2019-ல் புதுக் கட்டிடங்களுக்கு எரிவாயுக் குழாய் கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள இத்தாக்கா என்ற சிறு நகரம் 2021-ல் ஊரிலிருக்கிற கட்டிடங்கள் எல்லாவற்றையும் மின்மயமாக்கத் தீர்மானம் போட்டது. ஊர்க்காரர்களே முன்னின்று செய்கிற வேலை என்பதால் கேட்கவே எனக்கு உற்சாகமாக இருந்தது. நாமும் முதலில் கேஸ் அடுப்பை எடுத்துவிடலாம் என்று அந்தக் கூட்டத்திலேயே பேச்சு வந்தது.

நல்லவேளையாக உடனே எதையும் வாங்கவில்லை. அங்கே கட்டிடத்தில் எரிவாயு முக்கியமாக எரிவது குளிருக்கு வீட்டைச் சூடாக்க. மதுரையில் வீட்டைச் சூடாக்கும் வேலையைச் சூரியன் கேட்காமலே செய்துவிடுகிறது. நமக்கு எரிவது சமையலுக்கு மட்டும். பூமியைச் சூடேற்றும் கரியமில வாயுவின் (இனிச் சுருக்கமாகக் ‘கரி’) கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நான் எதிர்பார்க்காத விடை வந்தது.

ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு வெளிவரும். 14.2 கிலோ சிலிண்டருக்கு 42 கிலோ. அதே சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்தால் எவ்வளவு கரண்ட் ஆகும்? சிலிண்டரில் இருக்கிற வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குள் போகிறது, மிச்சம் பக்கவாட்டில் போய் அடுப்படியைக் காய்ச்சுகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் போல உள்ளே போகும். ஆகவே ஒரு சிலிண்டரின் வேலைக்கு 130 யூனிட் போதும். இந்தியாவின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வெளியாகிறது, ஏனென்றால் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. 130 யூனிட்டுக்கு 90 கிலோவுக்கு மேல்.

கேஸில் 42, கரண்டில் 90. கப்பலில் வருவது, லாரியில் வருவது எல்லாம் சேர்த்தால் கேஸ் பக்கம் கொஞ்சம் ஏறும்தான். ஆனாலும் கணக்கு புரளாது. அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு நல்லது செய்துவிட்டோம் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தால் தூத்துக்குடிப் பக்கம் இன்னும் கொஞ்சம் நிலக்கரி எரிந்திருக்கும்.

அப்புறம் கட்டிடத்தின் முழுக் கணக்கையும் போட்டோம். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குச் சராசரி 440 யூனிட், 12 வீட்டுக்கு ஆண்டுக்கு 31,000-க்கு மேல். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது இணைப்பில் 3,600. இவை இரண்டும் சேர்ந்து சுமார் 25 டன் கரியமில வாயு. 84 சிலிண்டருக்கு மூன்றரை டன். அடுப்பு சின்னப் பங்கு, மின்சாரம்தான் பெரிய பங்கு. கூட்டத்தில் இதை வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டியபின் பேச்சின் போக்கே மாறியது.

500 யூனிட் பயம்

கரி ஒருபுறம் இருக்கட்டும், பில் என்ன ஆகும் என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2016 மே மாதத்தில் தொடங்கி 2024-லும் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அப்போது 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை குறைந்த விலை. 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை விலை போய்விடும், 501-வது யூனிட்டிலிருந்து யூனிட் 8 ரூபாய்க்கு மேல். அதனால் எங்கள் கட்டிடத்தில் ரீடிங் வரும் வாரம் நெருங்கினால் ஏ.சி. ரிமோட்டை ஒளித்து வைக்கிற வீடுகள் உண்டு.

440 யூனிட் ஓடுகிற வீட்டில் இண்டக்‌ஷனுக்கு 130 சேர்ந்தால் 570. பில் ஏறக்குறைய 1,200 ரூபாய் கூடும். அப்போது சிலிண்டர் 900-க்குள் கிடைத்தது. முதல் மாடி அக்கா கணக்கைப் பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, மிச்சம் பிடிக்கிறேன்னு சொல்லி மேக்கொண்டு முன்னூறு ரூவா கட்டவா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அதற்குப் பதில் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. எனும், மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த புது ஃபேன் முழு வேகத்திலும் 30 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். மதுரையில் ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடுவது சாதாரணம், மார்கழியில்கூட முழுதாக நிற்காது. 45 வாட் மிச்சம், 15 மணி நேரம், 60 நாள் என்று பெருக்கினால் 40 யூனிட். ஒரு வீட்டில் மூன்று ஃபேன் மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 120. ஒரு சிலிண்டர் சமையலுக்குத் தேவையான கரண்ட் ஏறக்குறைய அவ்வளவுதான். 440-ல் 120 கழித்து 130 கூட்டினால் 450. 500 கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறோம்.

இந்த ஒரு வரிக் கணக்குதான் இந்த முயற்சி முழுவதற்கும் சாவி என்று நினைக்கிறேன். ஃபேனில் மிஞ்சியதை அடுப்புக்குக் கொடு. இந்த வரிசை மாறினால் பில் பயத்தில் மக்கள் மூன்றே மாதத்தில் பழையபடி கேஸுக்குத் திரும்பிவிடுவார்கள்.

சேர்ந்து வாங்கியதால் கடைக்காரர் விலையைக் கொஞ்சம் குறைத்தார். முதல் சுற்றில் 34 ஃபேன். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட எலெக்ட்ரீசியன் தம்பிக்கு இரண்டு நாள். தங்கள் கல்யாணத்துக்கு வந்த ஃபேன் என்று ஒரு பாட்டி ஒன்றை மட்டும் கழற்ற விடவில்லை. அது அப்படியே சுற்றட்டும் என்று விட்டுவிட்டோம்.

கருகிய பிளக்

தவறு நடந்தது எங்கள் வீட்டில்தான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். கணக்கெல்லாம் சரியாக வந்த உற்சாகத்தில், வயரிங்கைப் பற்றி யோசிக்காமல் இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கி வந்துவிட்டேன். சமையல் மேடையில் மிக்ஸிக்கு இருந்தது சின்ன பிளக் பாயிண்ட். அடுப்பின் பின் அதில் சேராது. பெரிய பின்னைச் சின்னத் துளையில் மாட்டுகிற மாற்றி ஒன்றை 60 ரூபாய்க்கு வாங்கிச் சொருகினேன். இரண்டு நாள் பால் காய்ந்தது, சாதம் வெந்தது, எல்லாம் நன்றாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை குக்கர் இரண்டாவது விசில் விடும்போது ரப்பர் தீய்ந்த வாடை. குழம்பு அடிபிடித்துவிட்டதோ என்று என் மனைவி மூடியைத் திறக்கப் போனார். பார்த்தால் சுவரில் அந்த மாற்றியின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஓரத்தில் பழுப்பேறி, நடுவில் கொப்புளம் போல உப்பியிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுத் துணியால் பிடித்து இழுத்தேன். பித்தளைப் பின் ஒன்று கறுத்திருந்தது. சுவிட்ச் போர்டைக் கழற்றியபோது உள்ளே வயரின் மேலுறை ஒரு விரற்கடை நீளத்துக்கு உரிந்து கிடந்தது. அதைவிடப் பயமுறுத்தியது இன்னொன்று. பிளக்கில் எர்த் துளை இருந்தது. அதன் பின்னால் எர்த் வயரே இல்லை. 18 வருஷமாக யாரும் திறந்து பார்க்கவில்லை.

2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். அந்தப் பாயிண்டோ 6 ஆம்பியருக்கு உள்ளது. பள்ளிக்கூடக் கணக்குதான், நான் போட்டுப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு எலெக்ட்ரீசியன் தம்பியை அழைத்து 12 வீட்டுப் போர்டுகளையும் திறந்து பார்த்தோம். ஐந்து வீட்டு அடுப்படியில் எர்த் இல்லை. சில வீடுகளில் மெயின் போர்டில் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருந்தும், அடிக்கடி விழுகிறது என்று எப்போதோ தாண்டி இணைத்திருந்தார்கள். இதைப் படிப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: சோலார், இண்டக்‌ஷன், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எது வாங்குவதற்கு முன்னாலும் முதல் செலவு இதற்குத்தான் ஆக வேண்டும். மெயின் போர்டிலிருந்து அடுப்புக்கென்று தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கென ஒரு எம்.சி.பி. (பளு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 15 ஆம்ப் பிளக், உயிருள்ள எர்த். சுவருக்குள் போன பழைய குழாய்கள் அடைத்துக் கிடந்ததால் நாங்கள் வெளியே கேசிங் பட்டை ஒட்டித்தான் வயர் இழுத்தோம். பார்க்க அழகில்லை என்று இரண்டு வீட்டில் முகம் சுளித்தார்கள். கருகிய பிளக்கைக் கையில் கொடுத்தேன், சம்மதித்தார்கள்.

வீட்டு இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கீசர், ஏ.சி., அடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 5 கிலோவாட்டைத் தாண்டும். மூன்று வீடுகள் பளுவைக் கூட்டிக்கொள்ள விண்ணப்பித்தன.

மொட்டைமாடி

எல்லாவற்றையும்விட நேரம் தின்றது மொட்டைமாடிதான். அது யாருடைய இடமும் இல்லை, எல்லோருடைய இடமும்தான். துணி காய்வது அங்கே, சித்திரை வெயிலில் வற்றல் வடகம் காய்வது அங்கே, பிள்ளைகள் பட்டம் விடுவது அங்கே. பொது இடத்தில் நான்கு வீட்டுக்காரர்கள் தங்கள் பேனலை வைத்துக்கொண்டால் நாளைக்கு மற்றவர்களுக்கு இடம் எங்கே? இது நியாயமான கேள்வி.

மூன்றாம் மாடி சார் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கையெழுத்துப் போட மறுத்தார். “தளத்துல ஒரு ஓட்டை போட்டாலும் ஐப்பசி மழைக்கு என் வீட்டுக்குள்ளதான் ஒழுகும். அப்ப சங்கமா வந்து வாளி வைக்கும்?” அவர் வீட்டுக் கூரையில் ஏற்கெனவே ஒரு முறை ஒழுகி, தட்டோடு பெயர்த்துச் சரிசெய்தது எல்லோருக்கும் தெரியும். மூன்று கூட்டம் கடந்தது. கடைசியில் தளத்தைத் துளைக்காமல், கீழே தூண் வரும் இடங்களின் மேலாகப் பார்த்துக் கான்கிரீட் பீடம் கட்டி, அதில் இரும்புச் சட்டத்தை நிறுத்துவது என்றும், ஒழுகினால் பழுதுபார்க்கும் செலவு சங்கத்துடையது என்றும் எழுதிக் கொடுத்தோம். சட்டம் எட்டடி உயரம். அடியில் கொடி கட்டலாம், நடக்கலாம். வற்றலுக்குத் தெற்கு மூலையில் வெயிலை அப்படியே விட்டுவைத்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு சதுர அடி உரிமை என்று 12 பேரும் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் தயாரானது. இப்போது போடாதவர்களுக்கும் அந்த இடம் பதிவாகி நிற்கிறது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எட்டடி உயரத்தில் நிற்கிற பேனல் ஒரு பாய்மரம் மாதிரி. அதனால் பீடத்தின் எடையையும் சட்டத்தின் குறுக்குக் கம்பிகளையும் ஒரு கட்டிடப் பொறியாளரிடம் காட்டிய பிறகே வேலை தொடங்கியது. இதற்கு ஆன கட்டணத்தை வீண் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நிழல் பற்றி ஒரு விஷயம். மதுரை இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில். சித்திரை பிறந்த சில நாளில் நடுப்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வரும், அதற்கப்புறம் ஆவணி வரை சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் வெயில் வடகிழக்கு, வடமேற்கிலிருந்து வருவதால் படிக்கட்டு அறையின் நிழலும் மேலிருக்கிற தண்ணீர்த் தொட்டியின் நிழலும் தெற்கே நீளும். பேனலைத் தெற்குப் பார்த்து வைத்தால் போதும், தொட்டி வடக்கேதானே இருக்கிறது என்று முதலில் வந்த வரைபடத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன்தான், “ஆனி மாசத்துல இங்கன நெழல் விழும் சார், நான் துணி போட்டுப் பார்த்திருக்கேன்” என்றார். ஆனி மாதம் ஒரு நாள் அவரும் நானும் காலை 8, நண்பகல் 12, மாலை 4 மணிக்குச் சாக்பீஸால் தரையில் நிழலின் ஓரத்தைக் கோடிட்டோம். ஒரு வரிசை முழுக்க இடம் மாற வேண்டியதாயிற்று. ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே அதோடு தொடராக இணைந்த மற்றவையும் சேர்ந்து மங்கக்கூடும் என்பதால் அந்தச் சாக்பீஸ் கோடு எங்களுக்கு நிறைய யூனிட்டைக் காப்பாற்றியது.

கடைசியில் பொது இணைப்புக்கு 3 கிலோவாட், நான்கு வீடுகளுக்குத் தலா 2 கிலோவாட், ஆக 11 கிலோவாட். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி. இங்கே ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், ஆண்டுக்குச் சுமார் 1,400. மொத்தம் 15,000 யூனிட்டுக்கு மேல்.

பொது இணைப்புக்கு முதலில் போட்டதற்குக் காரணம் உண்டு. குடியிருப்புகளின் பொது இணைப்புக்கு மின்விலை வேறு. 10 வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சிறு கட்டிடங்களுக்கு 2023-ல் அரசு அதை யூனிட் 5.50 ரூபாயாகக் குறைத்தது. எங்களுக்கு 12 வீடு, லிஃப்டும் இருக்கிறது, ஆகவே 8 ரூபாய்க்கு மேலேயே. சராசரியாகப் பார்த்தால் கட்டிடத்திலேயே விலை உயர்ந்த யூனிட் அதுதான். அங்கே மிச்சமானால் எல்லார் பராமரிப்புத் தொகையிலும் தெரியும், சோலார் போடாத வீட்டுக்கும் பங்கு கிடைக்கும். மோட்டார் போடும் நேரத்தை மாலையிலிருந்து காலை 11 மணிக்கு மாற்றினோம், பேனல் தரும்போதே தண்ணீர் ஏறிவிடும்.

இரண்டு விஷயம் பலருக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒன்று, கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும். தெருவில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கிற லயன்மேனுக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. இதைத் தெளிவாகச் சொன்ன பிறகு யாரும் குறைபடவில்லை. இரண்டாவது, சுத்தம் செய்வது. முதல் மாதம் போர்த் தண்ணீரால் கழுவினோம். எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர், காய்ந்ததும் கண்ணாடி மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. இப்போது வாரம் ஒருமுறை விடியற்காலையில், கண்ணாடி சூடேறும் முன், குழாயில் வருகிற மாநகராட்சித் தண்ணீரில் நனைத்த துணிதான்.

காலியாக இருந்த தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம். பேனல் நிழலும் சேர்ந்து மூன்றாம் மாடி ராத்திரிகள் இப்போது தேவலை.

தோசைக்கல்

அடுப்புக்கு வந்து சேர்ந்தது கடைசியில்தான். முதல் மாடி அக்கா தன் வீட்டுக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் பாத்திரத்தோடு வரச் சொன்னார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மை ஒன்று. பாத்திரத்தின் அடியில் அது ஒட்டினால் ஆகும், ஒட்டாவிட்டால் ஆகாது. இரும்புத் தோசைக்கல் ஒட்டியது. எவர்சில்வரில் சிலது ஒட்டியது, சிலது வழுக்கியது. ஈயச்செம்பும் வெண்கல உருளியும் அலுமினிய இட்லிப் பானையும் ஒதுங்கின. இட்லிப் பானை போயிற்றே என்று இரண்டு பேருக்கு உண்மையிலேயே வருத்தம். அடித்தட்டு வைத்த புது இட்லிப் பானை கிடைக்கிறது என்று அக்கா கடை சொல்லி அனுப்பினார்.

பால், சாதம், பருப்பு, சாம்பார், இட்லி எல்லாமே கேஸைவிட வேகம். அடுப்படியில் வியர்வை குறைந்ததைத்தான் எல்லாப் பெண்களும் முதலில் சொன்னார்கள். சிக்கல் தோசையில். அடுப்புக்குள் இருக்கிற சுருள் சின்னது, கல் பெரிது. நடுவில் முறுகும்போது ஓரம் வெளுத்துக் கிடக்கும். மெதுவாகச் சூடேற்றி, ஒவ்வொரு தோசைக்கும் கல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்து அக்கா ஒருவழியாக ஓரம்வரை சிவக்க வைத்தார், ஆனால் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட வேன் நிற்கும்போது யாருக்கு அந்தப் பொறுமை இருக்கும்? அப்பளம் சுடுவதும் கத்தரிக்காய் சுடுவதும் நெருப்பில்லாமல் நடக்காது.

அதனால் கேஸை முழுக்க விடச் சொல்லி யாரையும் வற்புறுத்தவில்லை. 2012-ல் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. “கரண்டு போனா சோத்துக்கு என்னண்ணே பண்றது?” என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. ஏழு வீடுகள் தினச் சமையலை இண்டக்‌ஷனுக்கு மாற்றிக்கொண்டு, தோசைக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் கேஸை வைத்துக்கொண்டன. அந்தக் காலண்டர்களில் ‘கேஸ்’ என்ற சொல்லுக்கு இடையே இப்போது நான்கு மாத இடைவெளி. ஆண்டுக்குச் சுமார் 30 சிலிண்டர் குறைகிறது. ஐந்து வீடுகள் மாறவில்லை.

முழுவதும் மின்சாரத்துக்கு மாறிய ஒரே அடுப்படி வாட்ச்மேன் அண்ணனுடையது. கீழே மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஒரே அறை. அவரும் மனைவியும் 5 கிலோ சிலிண்டரில் சமைத்து வந்தார்கள், கதவைச் சாத்தினால் அனல் அடைத்துக்கொள்ளும். பொது இணைப்பில் பகலில் மின்சாரம் மிஞ்சத் தொடங்கியதும் சங்கச் செலவில் அங்கே தனி வயர், எர்த், அடுப்பு, மூன்று பாத்திரம், ஒரு புது ஃபேன். கரண்டுக்கு அவரிடம் காசு வாங்குவதில்லை என்று தீர்மானம் எழுதினோம். மத்தியானச் சாப்பாட்டை 11 மணிக்கே முடித்துவிடுகிறார்கள்.

ஜெனரேட்டரை விற்பதாகத்தான் திட்டம். விற்கவில்லை. மூன்றாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கிற அம்மா ஒருவர் வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்குப் போக வேண்டும். லிஃப்டுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, படிக்கட்டு விளக்குகளை இன்வெர்ட்டருக்கு மாற்றினோம். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கரியமில வாயு, தெரியும். அவர் வெளியே போவது முக்கியம்.

மிஞ்சியிருப்பது

ஆண்டுக் கணக்கு இப்படி வருகிறது. சோலார் 15,400 யூனிட், ஃபேனில் மிச்சம் சுமார் 6,800. இண்டக்‌ஷனுக்குக் கூடுவது 3,900. கேஸில் குறைவது ஒன்றேகால் டன். எல்லாம் சேர்த்து 28 டன்னில் 14 டன் போல இறங்குகிறது, ஏறக்குறைய பாதி. ஃபேன் மட்டுமே அடுப்புக்கான கரண்டைக் கொடுத்துவிட்டு மேற்கொண்டும் மிஞ்சுகிறது. சோலாரே இல்லாமல் ஃபேனோடு நிறுத்தியிருந்தாலும் அடுப்பை மாற்றியதால் கரி கூடியிருக்காது.

இறங்காதது சாயங்காலம். 6 மணிக்குப் பேனல் அடங்கும் நேரத்தில்தான் 12 வீட்டிலும் விளக்கு, டிவி, ராத்திரிச் சமையல், பிறகு ஏ.சி. மாநிலத்தின் சூரிய மின்சாரமும் அதே நேரத்தில்தான் அடங்குகிறது; காற்று வீசாத மாதங்களில் அந்த நான்கு மணி நேரத்தைப் பெரும்பாலும் நிலக்கரிதான் தாங்குகிறது. மாவரைப்பதையும் துணி துவைப்பதையும் ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதையும் பகலுக்கு நகர்த்தினோம், வீட்டில் ஆள் இருக்கிறவர்களுக்கு அது முடிகிறது. வேலைக்குப் போகிற வீடுகளுக்கு முடியவில்லை. பொது இணைப்பில் ஒரு பேட்டரி வைக்கலாமா என்று விலை கேட்டிருக்கிறோம், இப்போதைக்குக் கைக்கு எட்டவில்லை.

மீதி எட்டு வீட்டுக் கூரைப் பங்கு அந்தக் கையெழுத்துத் தாளில் காத்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு மூன்றாம் மாடி சார் வருகிறார். ஆறு மாதமாகத் தினமும் காலை 6 மணிக்கு மீட்டரைப் பார்த்துப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ரீடிங் எழுதி வைத்திருக்கிறாராம். தன் வீட்டுக்கு ஒரு கிலோவாட் போதுமா, இரண்டு வேண்டுமா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.